கட்-ஆஃப், விருப்பம், பட்டம்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தை முன்வைத்து

1. கேள்வி

ஒரகடம் கூட்டுரோட்டிலும் சுங்குவார்சத்திரத்திலும் மின்கம்பம், டீக்கடைச் சுவர், பேருந்து நிழற்குடை என்று இடம் கிடைத்த பக்கமெல்லாம் ஆள்சேர்ப்பு நோட்டீஸ்கள் ஒட்டியிருக்கும். கல்வித் தகுதி என்ற வரியில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, ஐ.டி.ஐ., டிப்ளமோ, டிகிரி, பி.இ. எல்லாம் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிற்கும். அதையடுத்து 'பாஸ் / ஃபெயில்' என்று போட்டிருக்கும். கீழே ஷிஃப்ட், சாப்பாடு, ரூம், கம்பெனி பஸ். தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்த ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் ஒட்டுபவை இவை. நான்கு ஆண்டு பொறியியல் படித்து முடித்தவரும், முடிக்க முடியாமல் போனவரும், கல்லூரிப் பக்கமே போகாதவரும் ஒரே வாசலில் வந்து நிற்கலாம் என்பதே அவற்றின் செய்தி.

இந்த வழித்தடத்தின் கதை ஏறத்தாழ முப்பது ஆண்டுக் கதை. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால் ஊன்றியது. 1998-ல் அங்கிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014-ல் உற்பத்தியை நிறுத்தியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012-ல் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. பின்னர் வல்லம் வடகாலில் யமஹா. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான். இதே காலத்தில் இதே சாலைகளின் ஓரங்களில் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் எழுந்தன. காலையில் கல்லூரிப் பேருந்தும் கம்பெனி பஸ்ஸும் ஒரே சிக்னலில் நிற்கின்றன. கல்விக்கும் வேலைக்கும் இவ்வளவு நெருக்கமான அக்கம்பக்கம் தமிழ்நாட்டில் வேறு சில இடங்களில்தான் உண்டு.

ஆகவே ஒரு கேள்வியைச் சோதித்துப் பார்க்க இது தக்க இடம். ஒரு மாணவரின் தொழில் விருப்பத்துக்கும் அவர் கல்லூரியில் படிக்கும் பிரிவுக்கும் பொருத்தம் இருந்தால், அவர் உரிய காலத்தில் பட்டம் பெறும் வாய்ப்பு கூடுகிறதா? அமெரிக்க உளவியலாளர்கள் பல ஆண்டுகளாக இதை அளந்து 'ஆம்' என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த விடையை இங்கே அப்படியே கொண்டுவந்து வைக்க முடியாது என்பது என் வாதம். விருப்பம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. தேர்ந்தெடுக்கவும் தேர்ந்ததை மாற்றிக்கொள்ளவும் இடமுள்ள அமைப்பில்தான் விருப்பப் பொருத்தம் பட்டமாகப் பலன் தரும். அந்த இடம் இல்லாத அமைப்பில் விருப்பத்தை மட்டும் அளந்து சொல்வது, அமைப்பின் குறையைப் பிள்ளையின் தலையில் ஏற்றுவதாக முடியும்.

2. ஆய்வுகள் காட்டுவது

ஆளுக்கும் வேலைக்கும் பொருத்தம் பார்ப்பதை ஒரு முறையாக வகுத்தவர் பாஸ்டனைச் சேர்ந்த ஃபிராங்க் பார்சன்ஸ். அவர் மறைந்த பின் 1909-ல் வெளிவந்த அவரது நூல் மூன்று காரியங்களைக் கேட்டது: உன்னை அறிந்துகொள், வேலைகளை அறிந்துகொள், இரண்டையும் ஆற அமர ஒப்பிட்டுப் பார். 1927-ல் எட்வர்ட் ஸ்ட்ராங் விருப்பத்தை அளக்கும் வினாத்தாள் ஒன்றை உருவாக்கினார். 1959-ல் ஜான் ஹாலண்ட் முன்வைத்த கோட்பாடுதான் இன்றுவரை இந்தத் துறையை ஆள்கிறது. மனிதர்களின் தொழில் விருப்பத்தை அவர் ஆறு வகையாகப் பிரித்தார். வேலைச் சூழல்களையும் அதே ஆறாகப் பிரித்தார்.

அந்த ஆறையும் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றுக்குள்ளேயே காணலாம். பழுதான மோட்டாரைப் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாதவர் செய்கை வகை. ஏன் பழுதானது என்று காரணத்தைத் துருவுபவர் ஆய்வு வகை. ஷிஃப்ட் கணக்கும் சரக்கு இருப்பும் பிசகாமல் எழுதுபவர் ஒழுங்கு வகை. புதிதாக வந்த ட்ரெய்னிக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவர் மக்கள் வகை. பேசி, இணங்கவைத்து, வேலையை நடத்துபவர் முனைவு வகை. வண்டியின் வடிவிலும் வண்ணத்திலும் மனம் தோய்பவர் கலை வகை. மெக்கானிக்கல் என்ற ஒரே பிரிவைப் படித்தவர்கள் இந்த ஆறு இருக்கைகளிலும் உட்காரலாம். பிரிவுப் பொருத்தம் என்பது கரடுமுரடான அளவுகோல் என்பதை முதலிலேயே நினைவில் வைக்க வேண்டும்.

ஹாலண்டின் வகைகளை வைத்துப் பெரிய அளவில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஏ.சி.டி. தேர்வு நிறுவனத்தின் தரவுகளிலிருந்து வந்தவை. 2006-ல் டெரன்ஸ் ட்ரேசியும் ஸ்டீவன் ராபின்சும் 87 கல்லூரிகளைச் சேர்ந்த எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். விருப்பமும் பிரிவும் பொருந்திய இடங்களில் மதிப்பெண்ணும் படிப்பில் நிலைத்திருத்தலும் மேலாக இருந்தன. 2008-ல் ஜெஃப் ஆலனும் ராபின்சும் 25 கல்லூரிகளை ஆராய்ந்தபோது, சேர்ந்த பிரிவிலேயே மாணவர் நிலைப்பதை விருப்பப் பொருத்தமும் முதலாண்டுத் தேர்ச்சியும் தனித்தனியே முன்னறிவிப்பதாகக் கண்டார்கள். அவர்களே 2010-ல் வெளியிட்ட ஆய்வுதான் நம் கேள்விக்கு மிக நெருங்கியது. நான்காண்டுக் கல்லூரிகள் 15-லிருந்து 3,072 பேர், ஈராண்டுக் கல்லூரிகள் 13-லிருந்து 788 பேர். படிக்கும் ஊக்கம், முதலாண்டு மதிப்பெண் வழியாக மறைமுகமாகவே உரிய காலப் பட்டத்துக்கு உதவியது. விருப்பப் பொருத்தமோ நேரடியாக உதவியது. 2012-ல் கிறிஸ்டோபர் நை, ரோங் சூ, ஜேம்ஸ் ரவுண்ட்ஸ், ஃபிரிட்ஸ் டிராஸ்கோ ஆகியோர் அறுபது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, விருப்பத்தின் அளவைக் காட்டிலும் விருப்பத்துக்கும் துறைக்கும் உள்ள பொருத்தமே சாதனையை நன்றாக முன்னறிவிக்கிறது என்றார்கள்.

இந்தத் தொடர்பு உண்மையானது, ஆனால் மிதமானது. இதைவிட முக்கியம் அது இயங்கும் விதம். அமெரிக்கக் கல்லூரி மாணவர் பிரிவை மாற்றிக்கொள்ளலாம், பலர் மாற்றிக்கொள்கிறார்கள். மாற்றும்போது முன்பு படித்த பாடங்களில் சில கணக்கில் வராமல் போகும், பருவங்கள் நீளும், பட்டம் தள்ளிப்போகும். பொருத்தமான பிரிவில் முதலிலேயே சேர்ந்தவருக்கு இந்த அலைச்சல் இல்லை. பொருத்தம் மதிப்பெண் வழியாக வராமல் நேரடியாகக் காலத்தைச் சுருக்குகிறது என்ற 2010 முடிவுக்கு நான் கொள்ளும் விளக்கம் இதுவே. பிரிவை மாற்ற வழியே இல்லாத இடத்தில் அந்தப் பொறிமுறையின் பெரும்பகுதி வேலை செய்யாது. பொருத்தமின்மை அங்கே வேறு வேடத்தில் வெளிப்படும்.

3. விருப்பத்துக்கு முன் மூடும் வாசல்கள்

தமிழ்நாட்டில் ஒரு பிள்ளையின் துறை முதலில் முடிவாவது பதினைந்து வயதில், பதினோராம் வகுப்பில் குரூப் எடுக்கும்போது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும், அந்த ஊர் மேல்நிலைப் பள்ளியில் எந்தெந்த குரூப் இருக்கிறது என்பதும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. அறிவியல் குரூப் எதுவும் கிடைக்காத பிள்ளைக்குப் பொறியியல், மருத்துவம் இரண்டும் அன்றே தூரமாகிவிடும். 1978-ல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் அதில் இருந்தது. ஆனால் மார்க் வராதவர் எடுக்கும் குரூப் என்ற பெயரிலிருந்து அது மீளவே இல்லை.

இரண்டாவது வாசல் கட்-ஆஃப். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக மொத்தம் 200. நுழைவுத் தேர்வை நீக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அரசு ஒதுக்கீட்டுப் பொறியியல் சேர்க்கை முழுவதும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நடக்கிறது. கிராமத்துப் பிள்ளைக்கும் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைக்கும் அது செய்த நன்மை பெரிது. 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் அப்படியே. இரண்டையும் நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்த 200-க்குள் மாணவரின் விருப்பத்தைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை. இருக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அதற்கான காரணத்தை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன்.

மூன்றாவது வாசல் கவுன்சலிங். 2018 முதல் அது இணையவழியில் நடக்கிறது. தரவரிசைப்படி ரவுண்டு வரும். சில நாட்களுக்குள் கல்லூரியையும் பிரிவையும் இணைத்து விருப்பப் பட்டியலை நிரப்ப வேண்டும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் வீட்டில் இந்தச் சாய்ஸ் ஃபில்லிங் நடக்கும் விதத்தைக் கிட்டே இருந்து பார்க்க வேண்டும். பள்ளி ஆசிரியரோ, இ-சேவை மையத்து அண்ணனோ, பக்கத்துத் தெருவில் ஏற்கெனவே பி.இ. படிக்கும் அக்காவோ கணினி முன் உட்கார்வார். சென்ற ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த கட்-ஆஃபில் முடிந்தது என்ற பட்டியல் பக்கத்தில் விரிந்திருக்கும். கம்யூனிட்டி பார்த்து விரல் கீழே இறங்கும். வீட்டிலிருந்து போய்வரும் தூரமா, கல்லூரிப் பஸ் உண்டா, ஹாஸ்டல் கட்டணம் எவ்வளவு, கேம்பஸ் வருகிறதா என்று பேச்சு போகும். பிள்ளைக்கு எதில் மனம் என்ற கேள்வி எழுந்தாலும், பட்டியலில் பத்தாவது இடத்தில் எதைப் போடுவது என்ற அவசரத்தில் அது கரைந்துவிடும். இடம் ஒதுக்கியதும் ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலே இருக்கும் விருப்பத்துக்குக் காத்திருப்பதா என்று திரை கேட்கும். மேலே இருக்கும் விருப்பம் பெரும்பாலும் கணினி அறிவியலாக இருக்கும்.

கடந்த பத்தாண்டுகளில் கணினி சார்ந்த பிரிவுகளில் இடங்கள் பெருகின. பல கல்லூரிகளில் மெக்கானிக்கல், சிவில் இடங்கள் சுருங்கின. காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் நாள்தோறும் வெளியேறும் ஒரு வட்டாரத்தின் நடுவிலேயே இது நடந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இயந்திரத்தில் விருப்பம் வற்றிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. பக்கத்தில் இருக்கும் தொழிற்சாலை என்ன தருகிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். மெக்கானிக்கல் முடித்த அண்ணன் ட்ரெய்னியாகச் சேர்ந்து, பயிற்சிக் காலம் முடிந்ததும் அனுப்பப்பட்டு, அடுத்த கம்பெனியில் மறுபடி ட்ரெய்னியாகச் சேர்வதைப் பார்த்தவர்கள். அவர்கள் கணினி அறிவியலைக் கேட்பது அறிவோடு செய்யும் கணக்கு. விருப்ப வினாத்தாள் அவர்களைச் 'செய்கை வகை' என்று காட்டினாலும் அந்தக் கணக்கு மாறாது.

4. அரியர் காட்டுவதும் மறைப்பதும்

அமெரிக்காவில் பொருத்தமின்மை பிரிவு மாற்றமாக வெளிப்படுகிறது. இங்கே அது அரியராக வெளிப்படுகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரியில் சேர்ந்தவருக்குப் பிரிவு மாறுவது நடைமுறையில் அநேகமாக இல்லாத வழி. அப்படி ஒரு வழி இருந்துவந்த ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களிலும் முதலாண்டில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கே அது திறந்தது. தவறான பிரிவில் மாட்டிக்கொண்டு திணறுபவரைவிட, எந்தப் பிரிவிலும் நன்றாகப் படிக்கக்கூடியவருக்கே அது பயன்பட்டது.

அரியரின் பரப்பு எவ்வளவு என்பதை 2020 ஆகஸ்ட் வெளிப்படுத்தியது. கொரோனாக் காலத்தில், இறுதிப் பருவம் நீங்கலாக, அரியர் தேர்வுக் கட்டணம் கட்டியிருந்த அனைவரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தபோது மாநிலமே அதிர்ந்தது. சிலர் வரவேற்றுச் சுவரொட்டி ஒட்டினார்கள், சிலர் கல்வியின் தரம் போயிற்று என்றார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. தேர்வே இல்லாமல் தேர்ச்சி என்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு, இருபது ஆண்டுகளுக்கு முன் படித்து அரியரோடு நின்றவர்களும் எழுதலாம் என்று அண்ணா பல்கலைக்கழகம் சிறப்பு வாய்ப்பு தந்தது. இருபது ஆண்டு கழித்தும் அந்தத் தாளை எழுதி முடிக்க ஆள் இருக்கிறார் என்றால், முடியாத பட்டம் ஒரு மனிதரின் மீது எவ்வளவு காலம் பாரமாக இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் அரியரைப் பார்த்ததும் விருப்பமின்மை என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. பொறியியல் முதலாண்டுப் பாடங்களில் பெரும்பகுதி எல்லாப் பிரிவுக்கும் பொது: எம்-ஒன் என்று மாணவர்கள் சொல்லும் கணிதம், இயற்பியல், வேதியியல், இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ். மாணவர் முதலில் தடுக்கி விழுவது இவற்றில்தான். தன் பிரிவு தனக்குப் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள இரண்டாம் ஆண்டு வர வேண்டும்; அதற்குள் முதலாண்டு அரியர் முதுகில் ஏறிவிடும். தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவருக்கு மொழியும் ஒரு சுவர். சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் படிக்க 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் வழி செய்தது. வேலை கிடைக்குமோ என்ற அச்சம் அந்த வழியையும் குறுக்கியது. ஆக, அரியரில் விருப்பமின்மை, கணித அடித்தளம், மொழி, வீட்டு வறுமை, கல்லூரியின் தரம் ஐந்தும் கலந்திருக்கின்றன.

இன்னொரு பக்கமும் உண்டு. விருப்பமே இல்லாத பிரிவில் சேர்ந்து, அரியர் இல்லாமல் நான்கு ஆண்டில் முடித்து வெளியேறுபவர் ஏராளம். கல்விக் கடன் இருக்கிறது, அப்பா நிலத்தை அடகு வைத்திருக்கிறார், தங்கை அடுத்துப் படிக்க வேண்டும். கேம்பஸில் உட்காரவே ஸ்டேண்டிங் அரியர் இருக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு படித்து முடிக்கிறார்கள். பட்டம் வாங்கியதோடு அந்தத் துறையை விட்டுவிடுகிறார்கள். இவர்களைக் கணக்கில் எடுத்தால் பொருத்தம் இல்லாமலும் பட்டம் வருகிறது என்றுதான் புள்ளிவிவரம் சொல்லும். 2021–22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் விகிதம் 28.4. இந்த மாநிலம் பிள்ளைகளைக் கல்லூரிக்குள் கொண்டுவந்து சேர்ப்பதில் வென்றுவிட்டது. உள்ளே வந்தவர் எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டில், எந்த மனநிலையில் வெளியேறினார் என்பதே இனி கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கான தரவில் ஒரு பகுதி ஏற்கெனவே பொதுவெளியில் இருக்கிறது. தேசியத் தரவரிசைக்கு (என்.ஐ.ஆர்.எஃப்.) விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும், முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், லேட்டரல் என்ட்ரியில் எத்தனை பேர் வந்தார்கள், குறிப்பிட்ட குறைந்தபட்சக் காலத்துக்குள் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்று தெரிவிக்கிறது. பிரிவுவாரியாக அது பிரிக்கப்படுவதில்லை. பிரிவுவாரியாகப் பிரித்து, மாணவர் கவுன்சலிங்கில் அந்தப் பிரிவை எத்தனையாவது விருப்பமாகக் கொடுத்திருந்தார் என்ற பதிவோடு இணைத்தால், வினாத்தாள் எதுவும் இல்லாமலே நம் கேள்விக்கு ஒரு நேர்மையான விடை கிடைக்கும். முதல் விருப்பம் கிடைத்தவருக்கும் முப்பதாவது விருப்பம் கிடைத்தவருக்கும், ஒரே கட்-ஆஃபில், ஒரே கல்லூரியில், உரிய காலப் பட்டம் எப்படி வேறுபடுகிறது என்று பார்க்கலாம். அந்த இரண்டு பதிவுகளும் அரசின் கையில்தான் இருக்கின்றன.

5. விருப்பம் எங்கே உருவாகிறது

விருப்பத்தை அளந்து படிப்பை ஒதுக்கலாமே என்று யாராவது சொல்லும்போது தமிழ்நாட்டுக்கு 1953 நினைவுக்கு வர வேண்டும். அந்த ஆண்டு ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்றது. குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கமும் அதை எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. 1954-ல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பின் நியாயம் எளியது: குயவர் பிள்ளைக்கு மண்ணில் 'இயல்பான நாட்டம்' இருக்கிறது என்று சொல்வதற்கு முன், வேறு எதையாவது தொட்டுப் பார்க்க அந்தப் பிள்ளைக்கு வாய்ப்பு கிடைத்ததா? 2024-ல், பரம்பரைக் கைவினைத் தொழில் செய்பவர்களுக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை அதன் இப்போதைய வடிவில் ஏற்க மாட்டோம் என்று தமிழ்நாடு சொன்னதும், விண்ணப்பிக்கும் குறைந்தபட்ச வயதை 35 ஆக்கக் கேட்டதும் இதே அச்சத்தால்தான்.

அச்சத்துக்கு ஆய்விலும் ஆதாரம் இருக்கிறது. 1981-ல் லிண்டா காட்ஃப்ரெட்சன், பிள்ளைகள் தங்கள் விருப்பத்தைக் கண்டுகொள்ளும் முன்பே ஆண் வேலை, பெண் வேலை என்றும், மதிப்பான வேலை, மதிப்பில்லாத வேலை என்றும் பலவற்றைக் கழித்துவிடுகிறார்கள் என்று காட்டினார். பதினான்கு வயதுக்கு மேல் 'எனக்குப் பிடித்தது' என்று அவர்கள் சொல்வது, அந்தக் கழித்தலுக்குப் பிறகு எஞ்சியதிலிருந்துதான். அமெரிக்காவிலேயே அப்படி என்றால், கையால் செய்யும் வேலையைச் சாதியோடு கட்டிவைத்த நம் சமூகத்தில் கழித்தல் இன்னும் ஆழமாக நடக்கும். ஃபிட்டர் வேலையில் மனம் உள்ள ஒரு பையன் அதைச் சொல்லத் தயங்குவதற்கும், அவன் அப்பா அதைக் கேட்டுச் சினப்பதற்கும் நூற்றாண்டுகளின் காரணம் இருக்கிறது. தன் பிள்ளையாவது மேசையில் உட்கார்ந்து வேலை செய்யட்டும் என்ற அந்தத் தகப்பனின் ஆசையை எந்த வினாத்தாளாலும் தவறு என்று சொல்ல முடியாது.

இந்திய ஆய்வுகளும் எச்சரிக்கின்றன. ஃபிரெடெரிக் லியோங் முதலானோர் 1998-ல் இந்தியப் பணியாளர்களிடம் ஹாலண்ட் கோட்பாட்டைச் சோதித்தபோது, விருப்பப் பொருத்தம் பணி நிறைவை முன்னறிவிக்கவில்லை. பெங்களூருவில் பல ஆண்டுகளாக இந்தத் துறையில் உழைத்துவரும் கிடியன் அருள்மணி, இந்திய மாணவரின் தேர்வில் தனிமனித விருப்பத்தைவிட, அவர் வளரும் சமூகத்தின் 'தொழில் நம்பிக்கைகள்' வலுவாகச் செயல்படுகின்றன என்று எழுதுகிறார். நீண்ட படிப்பு நமக்குக் கட்டுப்படியாகுமா, சீக்கிரம் சம்பாதிப்பது நல்லதா என்பவை அத்தகைய நம்பிக்கைகள். வீட்டின் பொருளாதாரத்தைப் பொறுத்து அவை மாறுகின்றன.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. ரோங் சூ, ரவுண்ட்ஸ், ஆம்ஸ்ட்ராங் மூவரும் 2009-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பொருள்களோடு புழங்கும் வேலையில் ஆண்களுக்கும் மக்களோடு புழங்கும் வேலையில் பெண்களுக்கும் விருப்பம் மிகுதி என்று மிகப் பெரிய வேறுபாட்டைக் காட்டியது. ஸ்ட்ராங் வினாத்தாளே 1974 வரை ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று தனித்தனியாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்ரீபெரும்புதூரின் மின்னணுத் தொழிற்சாலை லைன்களுக்குள் போய்ப் பார்த்தால், பொருளோடு புழங்குவது பெரும்பாலும் இளம்பெண்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு அரசு திறந்த குடியிருப்பு அவர்களுக்காகக் கட்டப்பட்டது. மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். பிளஸ் டூ முடித்தவர்களும் உண்டு, பட்டம் பெற்றவர்களும் உண்டு. நுண்ணிய பாகங்களைப் பொருத்துவதில் நாட்டம் கொண்டு அவர்கள் வரவில்லை. இளம்பெண்களையே நிறுவனங்கள் தேடின. சம்பளமும் தங்குமிடமும் பஸ்ஸும் இருந்தன. ஊரில் வேறு வேலை இல்லை. விருப்பக் கோட்பாடு சொல்வதற்கு நேர் எதிரான ஆட்சேர்ப்பு, விருப்பத்தைக் கேளாமலே நடந்து முடிந்திருக்கிறது.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலம் முழுவதும் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. பிளஸ் டூ முடித்ததும் நேரே லைனுக்குப் போக வேண்டிய பெண் கல்லூரியில் நீடிக்க அந்த ஆயிரம் ரூபாய் செய்யும் உதவியை எந்த விருப்ப ஆலோசனையும் செய்ய முடியாது. பட்டத்துக்கும் விருப்பத்துக்கும் உள்ள உறவை ஆராய்பவர் பணத்தை முதல் மாறியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

6. ஏணி

அப்படியானால் விருப்பத்தைக் கைவிட்டுவிடலாமா? கூடாது. பதினைந்து வயதில் தாளில் அளந்து முத்திரை குத்துவதைத்தான் நான் மறுக்கிறேன். கையில் எடுத்துச் செய்து பார்த்து உருவாகும் விருப்பம் வேறு. அதற்கு இங்கே ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது: ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோவில் நேரே இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் லேட்டரல் என்ட்ரியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். இந்த ஏணியில் ஏறி வருபவர் அதே துறையை இரண்டு, மூன்று முறை தேர்ந்தெடுத்தவர். லேத்தில் நின்றவர், வெல்டிங் செய்தவர், சிலர் ஓராண்டு ஈராண்டு ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்தவர்கள். ஹாலண்டின் மொழியில் இவர்களின் பொருத்தம் மிக உயர்ந்தது. லேபில் இவர்கள்தான் முன்னே நிற்பார்கள், கணிதத்தில் தடுமாறுவார்கள் என்று ஆசிரியர்கள் சொல்வது வழக்கம்.

இவர்களே நம் கேள்விக்குக் கிடைக்கும் சிறந்த சோதனை. விருப்பம் மிகுதி, கணித அடித்தளம் குறைவு என்று ஒரு குழு. கட்-ஆஃப் உயர்ந்து, பிரிவு கிடைத்தபடி அமைந்தது என்று இன்னொரு குழு. ஒரே வகுப்பில் இரண்டாம் ஆண்டு முதல் இருவரும் சேர்ந்து படிக்கிறார்கள். இருவரின் உரிய காலப் பட்டத்தையும், பட்டத்துக்குப் பின் துறையில் நிலைப்பதையும் பிரித்துப் பார்த்தால், விருப்பத்தின் பங்கையும் தயாரிப்பின் பங்கையும் ஓரளவு பிரித்துவிடலாம். லேட்டரல் மாணவர்கள் கணிதத்தில் மட்டும் தேங்கினால், அவர்களுக்கு வேண்டியது ஒரு கோடைக்கால இணைப்பு வகுப்பு. அவர்களின் நாட்டத்தில் குறை தேட வேண்டியதில்லை.

ஏணியின் அடிப்படி வலுப்பட்டு வருவதற்கும் அறிகுறி உண்டு. டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனப்படுத்தும் திட்டத்தில் ஒரகடமும் ஒன்று. 2023-ல் அங்கே தொழில் 4.0 மையம் திறக்கப்பட்டது. ரோபோவும் சி.என்.சி.யும் அந்தப் பட்டறைக்குள் வந்திருக்கின்றன. அதே பட்டறையைப் பக்கத்து ஊர்களின் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், முதலாண்டு பி.இ. மாணவர்களுக்கும் சில வாரங்களாவது திறந்துவிட்டால், விருப்பம் வினாத்தாளில் இருந்து இறங்கிக் கைக்கு வரும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும், முதல் ரேங்க் வாங்குபவரும் சேர்ந்தே அங்கே நிற்க வேண்டும். சிலரை மட்டும் அனுப்பினால் அது 1953-க்குத் திரும்பும் பாதையாகிவிடும்.

பிரிவு மாறும் உரிமையைப் பற்றி ஓர் ஆட்சேபம் எழும்: கதவைத் திறந்தால் எல்லாரும் கணினி அறிவியலுக்கு ஓடிவிடுவார்கள் என்பார்கள். முதல் சில ஆண்டுகள் அப்படியும் நடக்கலாம். காலியிடம் உள்ள அளவுக்கே மாற முடியும் என்று வரம்பு வைத்தால் வகுப்புகள் குலையாது. கணினி அறிவியலில் கிடைத்த இடத்தை ஊருக்காக ஏற்று, நிரல் எழுதுவதில் ஒட்டாமல், இயந்திரத்துக்குத் திரும்ப நினைப்பவரும் உண்டு. இன்று அவருக்கும் வழி இல்லை. 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் லட்சக்கணக்கான மாணவர்களுக்குத் திறன் பயிற்சியையும் வழிகாட்டலையும் கொண்டுபோயிருக்கிறது. வழிகாட்டி முடித்த பிறகு மாணவர் போக ஒரு வழி திறந்திருந்தால்தான் அந்த உழைப்பு முழுப்பயன் தரும்.

உயர்கல்வித் துறையையும் அண்ணா பல்கலைக்கழகத்தையும் கேட்டுக்கொள்வது மூன்று. முதலாண்டு முடிவில், காலியிடம் உள்ள பிரிவுக்கு, உயர் மதிப்பெண் நிபந்தனை இல்லாமல் மாற இணைவுக் கல்லூரி மாணவர்களை அனுமதியுங்கள். உரிய காலத்தில் பட்டம் பெற்றோர் விவரத்தைப் பிரிவுவாரியாக, லேட்டரல் மாணவரைத் தனியே காட்டி, கவுன்சலிங் தொடங்கும் முன் வெளியிடுங்கள். ஏணியில் ஏறி வரும் பிள்ளைகளுக்குக் கணித இணைப்பு வகுப்பைப் பல்கலைக்கழகச் செலவிலேயே நடத்துங்கள். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.